நிறுத்தும் பொத்தானை புரோகிராமிடம் ஒப்படைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனில் ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்துப் பட்டறைகளில் பழைய ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) பேனலைக் கழற்றிவிட்டு, பி.எல்.சி. என்ற, புரோகிராம்படி இயந்திரத்தை ஓட்டும் சிறு கணினியை மாட்டுகிறார்கள். நல்லதுதான். கூடவே ஒரு பொல்லாத பழக்கமும் வந்துவிட்டது: எமர்ஜென்சி ஸ்டாப்பையும் மற்ற சுவிட்சுகளோடு சேர்த்து அதன் இன்புட்டில் (தகவல் உள்ளே வரும் முனையில்) கட்டிவிட்டு, "புரோகிராம் பார்த்துக்கொள்ளும்" என்று விடுவது.

அவுட்புட்டை (மோட்டாருக்குக் கட்டளை வெளியே போகும் முனையை) அணைக்கச் சொல்வதோடு புரோகிராமின் வேலை முடிந்தது. அவுட்புட் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரிலேக்குப் பதில் சில அவுட்புட்டுகளில் இருக்கும் டிரையாக், டிரான்சிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சுகளும் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான், அதாவது மூடிய நிலையில்தான் கெடும். பி.எல்.சி.யின் மூளையான சி.பி.யு.வுக்கு இது தெரியவே தெரியாது. அதன் திரையில் அவுட்புட் அணைந்ததாகவே காட்டும்.

ஸ்டாப் பொத்தானில் இரண்டு என்.சி. முனைகள் (சாதாரணமாக மூடியிருந்து, இயக்கினால் திறப்பவை) வேண்டும். இரண்டும் தனித்தனிக் கம்பியில் சேஃப்டி ரிலேக்கு (பாதுகாப்புக்கென்றே செய்த தனி ரிலேக்கு) போக வேண்டும். அந்த ரிலே, மோட்டார் லைனில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கான்டாக்டர்களை (மோட்டாரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலேக்களை) விடுவிக்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது வெட்டும். ஆனால் ஒன்று ஒட்டியது யாருக்கும் தெரியாமலே போனால், மற்றதும் ஒட்டும் நாளில் தடுக்க எதுவும் மிஞ்சாது. அதற்காகத்தான் இரண்டு கான்டாக்டர்களின் என்.சி. துணை முனைகளையும் (மெயின் முனைகளோடு சேர்ந்து அசையும் சிறு முனைகள்) தொடராகக் கட்டி ரீசெட் சுற்றில் (சேஃப்டி ரிலேயை மறுபடி எடுக்கவைக்கும் சுற்றில்) சேர்ப்பது. ஒன்று ஒட்டியிருந்தால் ரீசெட் எடுக்காது. அவசரத்தில் ஜம்பர் (குறுக்குக் கம்பி) போட்டு மூடப்படுவது பெரும்பாலும் இந்தக் கம்பிதான். எல்லாத் துணை முனையும் இதற்கு ஆகாது. மெயின் முனை ஒட்டினால் மூட முடியாத 'மிரர்' வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பி.எல்.சி.க்கும் தகவல் போகட்டும். பொத்தான் அழுத்தப்பட்டதை அறிந்து புரோகிராம் தன் அவுட்புட்டுகளை விடாவிட்டால், ரீசெட் செய்த கணமே கன்வேயர் தானாக ஓடத் தொடங்கும். மின்தடை முடிந்து கரண்ட் திரும்பும்போதும் இதே ஆபத்துதான். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவுட்புட்டுகளின் சப்ளையைத் தனி ஸ்டார்ட் பொத்தான் உள்ள ஒரு கான்டாக்டர் வழியாக விட்டால், கரண்ட் போனதும் அது விழும், கை வைக்காமல் ஏறாது. திருப்பினால் அந்த நிலையிலேயே நிற்கும் செலக்டர் சுவிட்சை ஸ்டார்ட்டாகப் போட்டால் இந்தப் பாதுகாப்பு போயிற்று.

மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும் ஃபார்வர்டு, ரிவர்ஸ் கான்டாக்டர்கள் ஒரே நேரத்தில் மூடினால் ஷார்ட் ஆகும்; இவற்றையும் புரோகிராம் மட்டும் காக்க முடியாது. ஸ்கேன் ஒன்று (புரோகிராம் ஒருமுறை ஓடி முடிவது) 10 மில்லிசெகண்டில் முடியலாம். கான்டாக்டர் விழுந்து தீப்பொறி அணைய அதைவிட நேரமாகும். காயிலில் (கான்டாக்டரை இழுக்கும் மின்காந்தச் சுருளில்) மின் உதையை அடக்கும் டயோடு இருந்தால் இன்னும் தாமதம். ஒன்றன் என்.சி. முனை மற்றதன் காயிலோடு தொடராக இருக்கட்டும், மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் (இரண்டும் சேர்ந்து மூடாமல் தடுக்கும் பூட்டு) இருக்கட்டும், புரோகிராமிலும் அரை விநாடி இடைவெளி விடுங்கள்.

24 வோல்ட் சப்ளையின் மைனஸை எர்த் செய்யாமல் விடுவது இன்னொரு தவறு. உப்புக் காற்றில் இன்சுலேஷன் கெட்டு இரண்டு இடத்தில் கம்பி எர்த்தைத் தொட்டால், ஸ்டாப் பொத்தானைச் சுற்றிக்கொண்டு எர்த் வழியே காயிலுக்கு மின்சாரம் போய்விடும். எர்த் செய்திருந்தால், பிளஸ் பக்கக் கம்பி முதல் முறை எர்த்தைத் தொடும்போதே ஃபியூஸ் போகும்.

தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின் மேலும் பொறுப்பை வைக்கிறது. பேனலைக் கையேற்குமுன், மெயின் சுவிட்சை அணைத்து ரீசெட் சுற்றுக் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுபடி கரண்ட் கொடுத்து ரீசெட்டை அழுத்துங்கள். அந்தக் கம்பி இல்லாமலே கான்டாக்டர் எடுத்தால், அது ஜம்பர் போட்ட பேனல்; பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பேனல் வேலை செய்வோர் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்