சித்தப்பா வெட்டிய வாய்க்கால்

அன்புள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஐயாவுக்கு,

கிள்ளையிலிருந்து எழுதுகிறேன். உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது எல்லோரும் பசுமைப் புரட்சியையும் கோதுமையையும் பற்றித்தான் எழுதினார்கள். எங்கள் பக்கம் கோதுமை என்பது கடையில் வாங்கும் மாவு, அவ்வளவுதான். எங்களுக்கு உங்கள் பெயர் சேற்றின் வழியாகத்தான் வந்தது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு காலத்தில் பெரிய பெரிய பொட்டல்கள் இருந்தன. மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் ஊர்க்காரர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. நீங்கள் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் மண்ணைச் சோதித்துவிட்டு வேறு காரணம் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டியிருக்கிறார்கள். நிழல் போய், வெயில் பட்டு, நிலம் தொட்டி மாதிரி தாழ்ந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் பொங்கும்போது, ஏறிய தண்ணீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே வற்றி உப்பாகிறது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்காது.

அதற்கு வைத்தியம் வாய்க்கால். நடுவில் ஒன்று பெரிதாக, இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். 1990களில் அந்த வேலைக்குப் போனவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். மண்வெட்டியைச் சேறு விடாதாம், இழுத்தால் கால் உள்ளே போகுமாம். “மரத்துக்குத் தண்ணி காட்டக் கூலியா?” என்று சிரித்துக்கொண்டேதான் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக் கன்றுகள் வேர் பிடித்தன.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. சித்தப்பா நட்ட மரம்தான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன், அவை அப்போது இளசு. ஆனால் ‘காடு எதுக்கு’ என்ற பேச்சு அதோடு நின்றது.

நோபலுக்கு நிகர் என்பார்களே, அந்த உலக உணவுப் பரிசு 1987இல் முதல் ஆளாக உங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்துத்தான் மறு வருடம் சென்னையில் அந்த நிறுவனத்தைத் தொடங்கினீர்கள். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குக் கும்பகோணம்தான் தெரிகிறது. உங்கள் அப்பா, டாக்டர் சாம்பசிவன், யானைக்கால் நோயை ஒழிக்க ஊரையே திரட்டிக் கொசு முட்டையிடும் இடங்களைத் தேடிப் போனவர். உங்களுக்குப் பதினொரு வயதில் அவர் போய்விட்டார். டாக்டராகி அவர் இடத்தில் உட்கார வேண்டிய பிள்ளை, 1943 வங்கப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு வேளாண்மைக்குத் திரும்பினீர்கள். வீட்டில் எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ!

மீனா அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் சந்தித்து 1955இல் கல்யாணம். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளைப் பற்றி 1972இல் அவர் தலைமையில் வந்த அறிக்கை, மூன்று வருடம் கழித்து வந்த அங்கன்வாடித் திட்டத்துக்கு அடித்தளம். எங்கள் தெருப் பிள்ளைகள் சத்துமாவு தின்று வளர்ந்ததில் உங்கள் வீட்டுக்கு இப்படியும் ஒரு பங்கு. இதை யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

யூரியா, பூச்சிமருந்து, காணாமல்போன பாரம்பரிய நெல் என்று எல்லாப் பழியையும் உங்கள் தலையில் ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வயல் நண்டு அருகிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 1968 சனவரியிலேயே, வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும் என்று எச்சரித்தவரும் நீங்கள்தான். சொன்னதைக் கேட்காமல் உரமூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஊர்ச் சேதி. வாய்க்கால்களில் வண்டல் சேர்கிறது, அவ்வப்போது வாரிவிட வேண்டும். போன மாதம் படகில் போனபோது சித்தப்பா பழைய வாய்க்கால் ஒன்றின் வாயில் நிறுத்தச் சொன்னார். துடுப்பை இறக்கி ஆழம் பார்த்தார். “முழங்கால்கூட இல்லடா” என்றார். மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். வயது எழுபது.

அன்புடன்,
கிள்ளையிலிருந்து ஒருவன்