மழை ஓய்ந்த பிறகு பூத்தவை: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் போனில், "மழையும் நின்னு போச்சு, இனி மாடியில என்ன கண்ணு இருக்கப்போகுது?" என்று கேட்டீர்கள். அடுப்பில் பால் இருந்தது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வருஷம் என் மாடியில் பார்க்கும்படியான பூவெல்லாம் ஐப்பசிக்கு அப்புறம்தான் வந்தது அத்தை.

முதலில் உங்கள் கண்வலிக்கிழங்கு, அதாவது காந்தள். தாராபுரம் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய தை மாசத்தில், பேப்பரில் சுற்றிக் கொடுத்தீர்களே, அது. "முனையிலதான் முளை இருக்கு, உடைஞ்சா அவ்வளவுதான்" என்றீர்கள். கோவை வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். வைகாசி முடிந்தும் தொட்டியில் வெறும் மண். அழுகியிருக்கும், கொட்டிவிட்டுத் தக்காளி வையுங்கள் என்றார்கள் பக்கத்து வீட்டில். கொட்டுவதற்குமுன் உங்களுக்குப் போன் போட்டேன். "அது தூங்குது, தண்ணிய நிறுத்து" என்று ஒரே வார்த்தை. ஆடி பிறந்து நாலாம் நாள் பச்சையாய் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் பார்த்தபோது எனக்கு அது வெறும் வெள்ளாமை. ஒற்றைக் கொடியைத் தினமும் பார்த்தால்தான் அதன் வேலை தெரிகிறது. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. பூ தலைகீழாகத் தொங்க, இதழ் ஆறும் மேல்நோக்கி மடிகின்றன. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாக நின்ற கார்த்திகைக் காலை ஒன்றில் நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. பெண்களின் விரலுக்குக் காந்தளைச் சொன்ன பழைய புலவர்கள் இதை வெகு கிட்டத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பூவின் பெண் பாகமான சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. மூலனூர்ப் பக்கம் காலையில் ஆள் விட்டு ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைச் சூல்தண்டில் தொட்டு வைப்பது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. பஞ்சுக் குச்சியால் நானும் தொட்டு வைத்தேன். நாலு காய் பிடித்திருக்கிறது! விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் மூட்டுநோய் மருந்தாகப் போகிறது. ஆனால் கிழங்கு முதல் பூ வரை எல்லாமே விஷம், கிழங்கு உயிரையே எடுத்துவிடும். வீட்டில் சின்னவன் இருப்பதால் அந்த மூலையைக் கம்பிவலை போட்டு அடைத்துவிட்டேன். தொட்டால் உடனே கை கழுவிவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

அப்புறம் பிரம்ம கமலம். மூன்று வருஷமாக இலை மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தது. உண்மையில் அது இலை இல்லை, தட்டையான தண்டு. செடி கள்ளி வகை, மெக்சிகோ பக்கத்துச் சொந்தம். இமயமலையில் பூக்கும் உண்மையான பிரம்ம கமலம் வேறு. பெயர் எதுவாக இருந்தாலென்ன, கார்த்திகை தீபம் முடிந்த வாரம், தண்டின் ஓரத்துப் பள்ளத்தில் தொங்கிய ஒரே ஒரு மொட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மெல்ல அவிழ்ந்தது. தக்காளி வைக்கச் சொன்னவர்களையும் கூப்பிட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வாசனை படிக்கட்டு வரை வந்தது. விடியும்போது கழுத்து தொங்கிவிட்டது.

டிசம்பர் பூவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊதாவும் வெள்ளையும் தினமும் ஒரு முறம் நிறைய. வாசனை இல்லாத பூ என்று யாரும் சீண்டுவதில்லை. நீங்கள் மட்டும்தான் மார்கழி முழுக்க அடுக்கடுக்காகக் கட்டி வைத்துக்கொள்வீர்கள். பூ முடிந்ததும் கவாத்து செய்யும்போது குச்சி எடுத்து வைக்கிறேன், பால்கனித் தொட்டியில் சும்மா ஊன்றினாலே வேர்விடும்.

காந்தள் கொடி மஞ்சளாகிறது, தண்ணீரைக் குறைத்துவிட்டேன். கிழங்கை அப்படியே மண்ணில் விடலாமா, தோண்டி மணலில் வைக்கலாமா? காய் வெடித்ததும் விதையைப் போடவா? பூக்க மூன்று நாலு வருஷம் ஆகுமாம், நான் காத்திருப்பேன். பொங்கலுக்கு வரும்போது கொடியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அத்தை. அதுவரை எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்