வெயில் மேல பழி போடாத மாப்ள

மாப்ள,

நல்லாருக்கியா? தங்கச்சி, புள்ளைகல்லாம் சுகமா? தேவிபட்டினத்துல எல்லாரும் நல்லாருக்கோம், வாடக்காத்து இன்னும் நிக்கல.

கோபன்ஹேகன்ல நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல சைக்கிளுக்குன்னு தனியா மேடு கட்டி பாதை விட்டுருக்கான், 20 கிலோமீட்டர் வேகத்துல போனா வரிசையா பச்சை லைட்டே விழுதுன்னு நீ எழுதுனத அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுனேன். ஆனா கடைசில "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் சரிவராது"ன்னு எழுதிருந்த பாரு, அத என்னால ஒத்துக்க முடியல.

ஸ்பெயின்ல செவில்ல கோடைக்கு 40 டிகிரி சர்வசாதாரணம்டா. அங்க 2006 வாக்குல ஆரம்பிச்சு கொஞ்ச வருசத்துலயே காரோட கலக்காத பாதைய ஊர் முழுக்க ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி போட்டுட்டாங்க, சைக்கிள் கூட்டம் பல மடங்கு ஏறிருச்சு. வெயில் அதேதான். நெதர்லாந்து மட்டும் என்ன, 1971-ல ரோட்ல அடிபட்டுச் செத்தவங்க 3,000-க்கு மேல, அதுல 400-க்கு மேல சின்னப் புள்ளைங்க, பெத்தவங்க தெருவுல எறங்கிப் போராடுனாங்க, 1973 பெட்ரோல் நெருக்கடியும் சேந்துக்கிச்சு, அப்புறம்தான் அந்த நாட்டு ஆம்ஸ்டர்டாம் இப்ப இருக்குற மாதிரி சைக்கிள் ஊரா ஆச்சு.

நான் இருந்த சிங்கப்பூர்ல பார்க் கனெக்டர்னு பூங்காவையெல்லாம் இணைக்கிற பாதை அருமையா இருக்கும், ஆனா அது லீவு நாளுக்குத்தான் ஒத்து வந்துச்சு, வேலைக்குப் போறப்ப லாரிக்குப் பக்கத்துலதான் மிதிச்சேன். சென்னையப் பத்தி உனக்கே தெரியும்.

நம்ம ஊரு சைக்கிளுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு, ஏத்தமே கெடையாது, எதிர்க்காத்து ஒண்ணுதான். புதுக்கோட்டைல 1991-ல எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்தப்ப ஆயிரக்கணக்குல பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டு வயலுக்கும் சந்தைக்கும் போனாங்களே, அதே வெயில்ல தானே?

இங்க பயம் ரோடுதான் மாப்ள. சாயங்காலம் ஸ்கூல் விட்டு பொண்ணுங்க அரசாங்க சைக்கிள்ல ஈசிஆர்ல வருதுங்க, பின்னால ராமேஸ்வரம் வேன்காரன் ஹாரன் அடிச்சான்னா வெள்ளக்கோட்டத் தாண்டி மணல்ல எறங்கணும், முன்வீல் சறுக்கும், அங்கதான் சீமைக்கருவேல முள்ளு கெடக்கும். பஞ்சர் கடைல ட்யூப தண்ணில அமுக்குனா நாலு எடத்துல கொமிழ் வருது. ரெண்டு மூணு தடவ இப்படி ஆனா வீட்ல "பஸ்ல போ"ன்னுடுறாங்க, பஸ்ஸ விட்டா அன்னைக்கு ஸ்கூலும் போச்சு. எனக்கு அதான் மனசு ஆறல. ஓரத்துல ஒரு அடுக்குக் கல்லு வச்சு ரெண்டு சைக்கிள் போற அகலத்துக்குப் பாதை, ஊருக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல மட்டும் போதும்.

வர்ற திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம், மீன் யாவாரம் பண்றவங்களும் கையெழுத்துப் போட்டுருக்காங்க. நீ ஆபீஸ் போற வழில அந்த கோபன்ஹேகன் சைக்கிள் பாதைய டேப் வச்சு அளந்து, அகலம் எவ்வளவு, மேடு எத்தன இஞ்சு, பஸ் நிக்கிற எடத்துல பாதைய எப்படித் திருப்புறாங்கன்னு போட்டோவோட ஞாயித்துக்கெழமக்குள்ள அனுப்பு, மனுவோட சேத்து வைக்கணும்.