பாட்டுப் போட்டியில் வாத்தியங்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆலய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

திருவிழாப் பாட்டுப் போட்டியில் நடந்ததை முன்வரிசையில் இருந்து நீங்களே பார்த்தீர்கள். 'கர்நாடக இசை சார்ந்த திரைப்பாடல்' என்று பிரிவுக்குப் பெயர் வைத்துவிட்டு, வாத்தியம் எதுவும் கூடாது, பென் டிரைவில் கரோக்கே போதும் என்று முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் சொன்னீர்கள்.

என் மகள் எடுத்தது 1977-இல் வந்த 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. இளையராஜா ரீதிகௌளை ராகத்தில் அமைக்க, பாலமுரளிகிருஷ்ணா பாடியது. நேராக ஏறி இறங்கும் ராகம் இல்லை அது, வளைந்து வளைந்துதான் போகும். இடையிசையை வாசிக்க அவள் அண்ணன் வயலினோடு மூன்று மாதம் உட்கார்ந்தான். அதற்காகச் சனிக்கிழமைதோறும் ஈப்போவுக்கு வகுப்புக்குப் போய் வந்தான். மிருதங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்.

மகள் பாடும் சுருதி, அதாவது குரலின் அடிப்படை உயரம், ஐந்து கட்டை. கரோக்கேயோ ஆண் குரலுக்குப் போட்டது. கீழே இறங்கும் இடங்களில் அவளுக்குக் குரலே எழவில்லை. மேலே எடுத்துப் பார்த்தாள், தொண்டை அடைத்துவிட்டது. மடிக்கணினியில் இருந்த தம்பிக்குச் சுருதியை மாற்றத் தெரியவில்லை. அவள் மூச்சு வாங்கி நின்றாள், டிராக் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாத்தியக்காரர் என்றால் பிள்ளை தடுமாறுவதைப் பார்த்து, இன்னொரு சுற்று வாசித்துக் காத்திருப்பார். வாசிக்க வேண்டியவன் மேடைக்குக் கீழே வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதிப்பெண் தாளில் 'சுருதி சேரவில்லை' என்று எழுதியிருந்தது.

ஐயா, வாத்தியங்களை அனுமதியுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

'ஹரிதாஸ்' படத்தில் 1944-இல் பாகவதர் பாடிய 'மன்மத லீலை'யை என் தாத்தா பால்மரம் (ரப்பர்) சீவும்போது பாடுவார். அதன் ராகம் சாருகேசி என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு சுரம் பிசகினாலும் நிறுத்திவிட்டு மறுபடி பாடுவார். அப்படிக் கேட்டு வளர்ந்த சுங்கை சிப்புட்டில், ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பணம் இருக்கிறது, வெளியூர்ப் பாடகருக்குப் பணம் இருக்கிறது, ஊர்ப் பிள்ளை வாசிக்க ஒரு மைக் வைக்க மட்டும் மனம் வரவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

நேரம் போதாது என்பது உங்கள் கவலை என்றால், பாடகருக்கு இரண்டு வாத்தியம் என்று அளவு வையுங்கள். சுருதி சேர்ப்பதை மேடைக்குப் பின்னாலேயே முடித்துக்கொள்கிறோம். மைக் வாடகையை நாங்கள் பெற்றோரே தருகிறோம். அடுத்த ஆண்டு விதிமுறையில் வாத்தியங்களுக்கு அனுமதி உண்டு என்று தயவுசெய்து எழுதுங்கள். அதையும் முதல் நாள் இரவு இல்லாமல், பிள்ளைகள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாடிய பிள்ளையின் தகப்பன்
சுங்கை சிப்புட்