கணையத்துக்கு ஒரு துணை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மறுபடியும் பாடப் பேச்சுதான், எனக்கும் பழைய வாத்தியார் தொழில் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

கணைய அழற்சி வந்ததிலிருந்து நீ இப்படி இளைத்துப்போனாய் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. "நல்லாத்தான் சாப்பிடுகிறேன், எல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டிருக்கிறாய். உடைபடாமலே வெளியேறிவிடுகிறது, அதுதான் விஷயம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் பெரிய மூலக்கூறுகள். நொதிகள் (என்சைம்கள்) சிறிதாக உடைத்துத் தந்தால்தான் குடல் உறிஞ்சும். எச்சிலில் அமைலேஸ், இரைப்பையில் பெப்சின் என்று கொஞ்சம் வேலை நடந்தாலும் பெரும்பங்கு கணையத்தினுடையது. ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சாறு சுரக்கிறது. முக்கியமாகக் கொழுப்பை உடைப்பது அதன் வேலைதான். பித்தநீர் எண்ணெயைப் பொடித்துளிகளாக்கும். அதன்மேல் லிபேஸ் என்ற கணைய நொதி உட்கார்ந்து, ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்களைக் கழற்றும். லிபேஸ் போதாததால்தான் உனக்கு மலம் எண்ணெய்ப்பசையோடு மிதந்தது.

கறியையே கரைக்கிற இந்தச் சாறு கணையத்தைக் கரைக்காதா? அங்கேதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். புரதத்தை உடைக்கும் டிரிப்சினைக் கணையம் பூட்டுப்போட்டே அனுப்புகிறது, டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில். சிறுகுடல் சுவரில் இருக்கும் இன்னொரு நொதிதான் அதைத் திறக்கிறது. அந்த நொதியைக் கண்டுபிடித்தது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடம். நாயையும் மணியையும் வைத்துத்தான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. கணைய அழற்சியில் அந்தப் பூட்டு உள்ளேயே திறந்துகொள்கிறது. நீ பட்ட வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது டாக்டர் உனக்குத் தந்த அந்தக் காப்ஸ்யூலுக்கு வருவோம். அதில் இருப்பது இதே நொதிகள்தான். சாப்பாட்டோடு சேர்ந்து இறங்கினால்தான் உடைப்பதற்கு அங்கே ஏதாவது இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் போட்டால் வீண். மென்றுவிடாதே. உள்ளே இருக்கும் குட்டி உருண்டைகளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு, அது போனால் இரைப்பை அமிலத்தில் லிபேஸ் செத்துவிடும். சூடான காபியோடும் வேண்டாம், சூடும் நொதியைக் கெடுக்கும். சாதாரணத் தண்ணீர் போதும். தட்டில் எண்ணெய், நெய் கூடினால் எத்தனை போடுவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்.

அப்புறம், பயந்துகொண்டு சாப்பாட்டைக் குறைக்காதே. தங்கச்சியிடமும் இதைப் படித்துக் காட்டு. அடுத்த செக்கப் எப்போது? தேதியை எழுது, நானும் கூட வருகிறேன்.

உன்,
ராமலிங்கம்