செயின்ட் பால் முதல் நாகசாகி வரை: இட்லி வாங்கியவர்களுக்கும் பெட்டி தூக்கியவர்களுக்கும்

நண்பர்களே,

ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதம் போன மாதமே, மினசோட்டாவில் இருக்கும் நம் செயின்ட் பாலுக்கும் ஜப்பானின் நாகசாகிக்கும் நடுவில் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிக் கூட்டிவரும் சகோதர நகரக் குழுவுக்குப் போய்விட்டது. ஜப்பானிய மொழியில் ஒன்று, பள்ளியில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஆசிரியை சிவப்பு மையால் திருத்தித் திருத்திக் கொடுத்து, நாகசாகிக்குப் போயிற்று. இரண்டிலும் எழுத வராதவை நிறைய மிச்சம் இருக்கின்றன, அவை எனக்குத் தமிழில்தான் வரும். தவிர, மார்ச் மாதம் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, சர்ச் கூடத்தில் வரிசையில் நின்று பிள்ளைகளின் விமான டிக்கெட்டுக்காக இட்லி வாங்கித் தின்றவர்கள் நீங்கள். காசு எங்கே போயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

யார் பெயரையும் போடவில்லை. எல்லாம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள், அவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்ட குடும்பங்கள். படிக்கும்போது ‘அட, இது நான்தானே’ என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அம்மா. எழுபது தாண்டியவர், இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. போன வருடம் ஏப்ரலில் போன் செய்து, ஜூலை கடைசியில் நாகசாகியிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், ஒரு பெண்ணுக்கு மட்டும் வீடு அமையவில்லை, பன்னிரண்டே நாள்தான் என்றார். நான் இழுத்தேன். அமெரிக்கா பார்க்க வருகிற பெண்ணைக் கொண்டுவந்து சாம்பார் வாசனை அடிக்கும் வீட்டில், பாதி நேரம் தமிழில் சண்டை போட்டுக்கொள்ளும் குடும்பத்தில் விட்டால் ஏமாந்துபோக மாட்டாளா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குடும்பத்தை அமெரிக்க அரசே முள்வேலி முகாமில் அடைத்திருக்க, அவர் மட்டும் ராணுவத்தின் ஜப்பானிய மொழிப் பள்ளிக்காக மினசோட்டா வந்தவர். (அந்தப் பள்ளி 1942இல் கேம்ப் சாவேஜில் இருந்தது, 1944இல் நம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபோர்ட் ஸ்னெல்லிங்குக்கு மாறியது. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், எனக்கு இது தெரியாது.) போர் முடிந்ததும் இங்கேயே தங்கிவிட்டாராம். “எங்கள் வீட்டையும் யாரும் அமெரிக்க வீடு என்று சொன்னதில்லை” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சரி என்றேன்.

செயின்ட் பாலும் நாகசாகியும் எப்படிச் சகோதர நகரங்கள் ஆயின என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். 1955 டிசம்பர் 7ஆம் தேதி. ஓர் அமெரிக்க ஊருக்கும் ஒரு ஜப்பானிய ஊருக்கும் நடுவில் ஏற்பட்ட முதல் சகோதர நகர உறவு இதுதான். அதிபர் ஐசனோவர் இதை நாடு தழுவிய திட்டமாக ஆரம்பித்ததே அதற்கு அடுத்த வருடம். தேதியைக் கவனித்தீர்களா? அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய அதே நாள், பதினான்கு வருடம் கழித்து. அணுகுண்டு விழுந்து பத்து வருடமே ஆன ஊரோடு. அன்றைக்கு இரண்டு பக்கமும் மகனையோ அண்ணனையோ பறிகொடுத்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் நின்று இதைப் பேசி முடித்தவர்களுக்கு யாராவது நேரில் நன்றி சொன்னார்களா தெரியாது. நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்தப் பெண். வந்து இறங்கியதும் எங்கள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவளோடு வந்த மற்ற பிள்ளைகள் ஷூவோடு உள்ளே போவதா வேண்டாமா என்று முதல் நாள் முழுக்கத் திண்டாடினார்களாம். இரண்டாம் நாளே எங்கள் வீட்டு ரைஸ் குக்கரை அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஆனால் எது கேட்டாலும் ஒரே பதில்: “தைஜோபு.” பரவாயில்லை. பசிக்கிறதா, தைஜோபு. களைப்பா, தைஜோபு. நான் அதை அப்படியே நம்பினேன். கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. காலை ஆறு மணிக்கு அவர் நாயைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இந்தப் பெண் ஆகஸ்ட் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் நாள் பாட்டி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், தன் கையால் தைத்த கனமான போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டு, என்னிடம் திரும்பி, “உன் வீட்டு ஏசி இந்தப் பிள்ளையைக் கொல்கிறது” என்றார். இரவெல்லாம் நடுங்கியிருக்கிறாள். சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. பாட்டி, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை, ஆனாலும் நன்றி. போர்வையை அவளுக்கே கொடுத்துவிட்டீர்கள். அது இப்போது நாகசாகியில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோமோ பூங்காவில் உள்ள ஜப்பானியத் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனவர் எங்கள் தெரு அண்ணா, ஏனென்றால் அன்று எனக்கு வேலை. அந்தத் தோட்டத்தை வடிவமைத்தவர் நாகசாகிக்காரரான மசாமி மத்சுதா என்று தெரிந்ததும் தன் ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட மாதிரி குதித்தாளாம். பத்து வருடமாக அங்கே வாக்கிங் போகிற அண்ணாவுக்கே அது செய்தி. நன்றி அண்ணா, ஐஸ்கிரீமுக்கும் சேர்த்து.

இட்லிக் கணக்கு. மாவு அரைத்த ஐந்து வீடுகளுக்கும் நன்றி. பதினோரு மணிக்கெல்லாம் சாம்பார் தீர்ந்து வெறும் பொடியோடு சமாளித்தவர்களிடம் மன்னிப்பு. கிடைத்த தொகை இரண்டு பிள்ளைகளின் விமானக் கட்டணத்தில் பாதிக்கு வந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மிச்சத்தைக் குழு போட்டது.

இந்தக் கோடையில் இங்கிருந்து நாகசாகிக்குப் போனது எட்டுப் பிள்ளைகள், என் மகன் உட்பட, துணைக்குப் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் நான் ஒருத்தி. போகும் வழியிலேயே ஒரு விமானம் தாமதமாகி, டோக்கியோவில் அடுத்ததைத் தவறவிட்டோம். விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்தவர்கள் எங்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அனுப்பியே இரவைக் கழிக்கப் பார்த்தார்கள். அப்போது விமான நிலையத்தில் துடைப்பான் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்மணி, எங்கள் பிள்ளைகள் தரையில் படுத்திருப்பதைப் பார்த்து, சற்று ஒதுக்குப்புறமாக இருந்த நீள இருக்கைகளுக்குக் கூட்டிப்போய் விட்டார். அவர் பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. நாகசாகி விமான நிலையத்தில் எட்டுக் குடும்பங்களும் பெயர் எழுதிய அட்டைகளோடு முந்தின நாள் இரவு கடைசி விமானம்வரை காத்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் அதே அட்டைகளோடு திரும்ப வந்து நின்றார்கள்.

இப்போது பெட்டி தூக்கியவர்கள். நாகசாகி படத்தில் பார்ப்பதுபோல் துறைமுகமும் சமவெளியும் இல்லை. துறைமுகத்தைச் சுற்றி எழும்பி நிற்கிற மலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். பல வீடுகளுக்குக் கார் போகாது, படிக்கட்டுதான் தெரு. என்னை வைத்திருந்த வீட்டுக்கு நூற்று எழுபத்திரண்டு படி. (என் மகன் எண்ணினான். அவன் தங்கிய வீட்டுக்குத் தொண்ணூறுதான் என்று அவனுக்குப் பெருமை.) ஜூலை மாதப் புழுக்கத்தில், இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்காரர், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெட்டியைத் தொடுவதற்குள் மேலேயிருந்து இரண்டு பேர், பக்கத்துச் சந்திலிருந்து பள்ளிச் சீருடையோடு ஒரு பையன், வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கைப்பையோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். பெட்டிக்குள் இருந்ததில் பாதி நான் பயந்துபோய்க் கட்டியிருந்த அரிசியும் பருப்பும் ஊறுகாயும் என்று அவர்களிடம் சொல்லவே இல்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஜப்பானில் சிக்கல் தட்டில் தெரிகிற மீனில் இல்லை, தெரியாத மீனில். ரசம் மாதிரித் தெளிவாக இருக்கும், காய் மட்டும்தான் மிதக்கும், ஆனால் அடியில் இருக்கிற தாஷி என்கிற சாறு காய்ந்த மீனின் சீவலில் இறக்கியது. நாகசாகியின் பெருமையான சாம்போன் நூடுல்ஸோ பன்றியும் கடல் உணவும் சேர்ந்தது. வீட்டுக்கார அம்மா எனக்காகப் பத்து நாளும் தனிப் பாத்திரத்தில், முந்தின இரவே கொம்புவையும் காய்ந்த ஷீட்டாகே காளானையும் ஊறவைத்துச் சாறு எடுத்தார். (கொம்பு என்பது கடற்பாசி, நம் மாட்டுக் கொம்பு இல்லை. அந்தத் தமிழ் அர்த்தத்தை அவருக்கு விளக்க முயன்று நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.) புத்த மடங்களின் சமையலில் இப்படித்தான் செய்வார்களாம், அவருக்குப் புதிது. ஒரு கோயிலில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது கிளம்பும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அரிசியும் பருப்பும் அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன், ஊறுகாய் மட்டும் அவர் கணவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பக் கொண்டுவந்தேன்.

என் மகன் செய்த கூத்து ஒன்று உண்டு. ஜப்பானிய வீட்டில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம்தான் தொட்டியின் வெந்நீரில் இறங்க வேண்டும், அந்தத் தண்ணீர் வீட்டில் எல்லோருக்கும் பொது. பயிற்சி வகுப்பில் இதை மூன்று தடவை சொல்லி அனுப்பினோம். விருந்தாளி என்று முதலில் குளிக்கச் சொன்னார்கள். இவன் நன்றாகக் குளித்து, தொட்டியில் ஊறி, எழுந்து, பொறுப்பான பிள்ளையாக அடைப்பானைப் பிடுங்கிவிட்டு வந்தான். அந்த வீட்டில் ஐந்து பேர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குளியலறைக் கதவில் பாட்டி வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது: தொட்டி, அடைப்பான், அதற்குப் பக்கத்தில் ஒரு பூனை காலைத் தூக்கிக் கும்பிடுகிறது. அதைத் தனக்குத் தரமுடியுமா என்று இவன் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். எங்கள் குளியலறைக் கதவில் இருக்கிறது, வருபவர்கள் பார்க்கலாம்.

அணுகுண்டின் நினைவாக அமைந்த அமைதிப் பூங்காவுக்குப் போன நாளைப் பற்றி எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இதைத் தள்ளிப்போட்டேன். அங்கே பல நாடுகள் கொடுத்த சிற்பங்கள் உண்டு. நம் ஊர் 1992இல் கொடுத்தது ஏழு மனித உருவங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வட்டமாக இருக்கும், ஏழு கண்டங்களாம். பலகையில் செயின்ட் பால் என்று பார்த்ததும் பிள்ளைகள் ‘ஹேய்’ என்று கத்திவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று உறைத்து அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு குண்டுவீச்சில் உயிர் தப்பிய ஒரு பாட்டியின் பேச்சைக் கேட்டோம். 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி அவருக்கு ஐந்து வயது. காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிட்டதில் ஆரம்பித்தார், குண்டு விழுந்த 11 மணி 2 நிமிடத்துக்கு வர அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்த்தவள் ஒரு கல்லூரி மாணவி. ஓரிடத்தில் அவளுக்குக் குரல் நின்றுவிட்டது. பாட்டி பேச்சை நிறுத்தி, தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிள்ளைகள் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரவு ஒரு பையன் மட்டும் என்னிடம் வந்து, நாம் அமெரிக்கர்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும், தெரிந்துதான் வந்தார் என்றேன். அந்த மாணவிக்கு என் நன்றியை ஜப்பானியக் கடிதத்தில் சரியாக எழுத வரவில்லை.

நாகசாகிப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 9 கோடை விடுமுறைக்கு நடுவிலும் பள்ளிக்குப் போகும் நாள். நம் பிள்ளைகளும் வீட்டுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார்கள். அனுமதித்த தலைமையாசிரியர்களுக்கு நன்றி, அது அவர்களுக்குச் சுலபமான முடிவாக இருந்திருக்காது. நான் அப்போது காய்கறிப் பையோடு படிக்கட்டில் பாதி தூரத்தில் இருந்தேன். குண்டு விழுந்த அதே நேரத்துக்குச் சைரன் ஊதியது. எனக்கு மேலே இறங்கி வந்துகொண்டிருந்தவர் நின்றார், கீழே பால்காரர் நின்றார், நானும் நின்றேன்.

மறுநாள் கிளம்பிவிட்டதால் 15ஆம் தேதி நடக்கும், இறந்தவர்களின் ஆன்மாவை வழியனுப்பும் படகு ஊர்வலம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த வருடம் இறந்தவர்களுக்காகக் குடும்பத்தார் படகு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போவார்கள். அடிவாரத்தில் ஒரு கொட்டகையில் ஒரு படகு தயாராகிக்கொண்டிருந்தது, நம் பிள்ளைகள் மூன்று பேர் போய்க் காகிதம் ஒட்டினார்கள். பின்னால் வீடியோ அனுப்பினார்கள். வெடிச் சத்தம் காதைப் பிளக்கிறது, தீபாவளி தோற்றது. புகைக்கு நடுவே அந்தப் படகு போகிறது, ஓரத்தில் காகிதம் கோணலாக ஒட்டியிருக்கிறது. அது நம்முடைய வேலைதான், சந்தேகமே இல்லை.

விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், போனில் திட்டுங்கள். அப்புறம், இட்லி விற்பனை அன்று யாரோ கொண்டுவந்த நீல நிறக் கூலர் பெட்டியும் பெரிய எவர்சில்வர் கரண்டி இரண்டும் இன்னும் எங்கள் கராஜில் இருக்கின்றன. பெயர் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.