காந்தப் புயல் நாளில் எல்லைக்கல் நடாதீர்கள்

சேலம், ஏற்காடு வட்டாரத்தில் டிஜிபிஎஸ், ஆர்டிகே என்ற செயற்கைக்கோள் சிக்னல் கருவிகளோடு நிலம் அளக்கும் சர்வேயர்களுக்கு வணக்கம்.

2024 மே 10 இரவு தொடங்கிய ஜி5 காந்தப் புயலின்போது (சூரிய வெடிப்பு பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது காந்தப் புயல்; ஜி5 அதன் உச்ச அளவு) லடாக்கின் ஹான்லேயில் கேமராக்கள் பிடித்த சிவந்த வானத்தைப் பார்த்திருப்பீர்கள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் அணுக்கள் விடும் ஒளி அது. சேர்வராயன் கோயில் உச்சியில் விடிய விடிய நின்றாலும் நமக்கு அது தெரியாது. அந்த ஒளி துருவங்கள் பக்கம் வருவது; நமக்கோ காந்த நடுக்கோடு அவ்வளவு பக்கம். ஆனால் அதே புயல் நம் தலைக்கு மேல் அயனி மண்டலத்தை, அதாவது செயற்கைக்கோள் சிக்னல் கடந்துவரும் மின்னேறிய காற்றடுக்கை, கலக்கிவிடும். அது நீங்கள் கொண்டுபோய் அளக்கும் ரோவர் கருவியில் தெரியும்.

ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பேஸ் கருவியும் ரோவரும் சிக்னலில் ஒரே தாமதத்தைச் சந்தித்தால் பிழை கழிந்துவிடும். இடையில் அயனி மண்டலம் குழிவிழுந்தால் கழியாது. ரோவர் 'ஃபிக்ஸ்' (துல்லியமாகப் பிடித்த நிலை) போய் 'ஃப்ளோட்' (தோராய நிலை) காட்டினால் கவலையில்லை, கருவியே உண்மையைச் சொல்லிவிட்டது. பயப்பட வேண்டியது பொய் ஃபிக்ஸுக்குத்தான். திரையில் 2 செ.மீ. என்றே இருக்கும். எல்1 என்ற ஜிபிஎஸ் சிக்னலின் அலைநீளம் சுமார் 19 செ.மீ.; ஒரு செயற்கைக்கோளுக்கு ஓர் அலையைத் தப்பாக எண்ணினாலே கல் தள்ளிப்போய்விடும். சாண் நிலத்துக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது.

காபித் தோட்டத்தில் ஃபிக்ஸ் போனால் உடனே சில்வர் ஓக் மரத்தைக் குற்றம் சொல்கிறோம். மர மறைப்பு என்றால் பத்தடி தள்ளி வெட்டவெளிக்கு வந்ததும் சரியாகும். வெட்டவெளியிலும், உச்சியில் நிற்கும் செயற்கைக்கோளின் சிக்னல் அளவு நொடிக்கு நொடி ஏறி இறங்கினால் அது அயனி மண்டலத்தின் வேலை. புயலே இல்லாமலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் இரவு ஏழு மணிக்கு மேல் இது வரும். கஞ்சமலையில் காம்பஸ் திரும்பினால் மட்டும் புயலைத் தேடாதீர்கள். அது அங்குள்ள இரும்புத் தாது.

கிளம்பும் முன், காந்தப் புயலின் வலிமையை 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண்ணின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அது உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: அங்கே 12 முதல் 15 என்றால் நமக்கு மாலை 5.30 முதல் 8.30. கேபி 6-ஐத் தொட்டால் மேடுபள்ள அளவை செய்யலாம், எல்லைக்கல் வேண்டாம். மற்ற நாளிலும் தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி அதிலேயே முடியுங்கள். பேஸை 5 கிலோமீட்டருக்குள் வையுங்கள். ஒவ்வொரு கல்லையும், ரோவரை அணைத்துப் போட்டுப் புது ஃபிக்ஸ் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு அளவையும் அடித்துவிட்டு வேறு நாள் வாருங்கள். அளந்த நேரத்தையும் அன்றைய கேபியையும் களப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் அந்தக் கல்லைக் கேள்வி கேட்கும்போது அந்த ஒரு வரி தேவைப்படும்.